கடலூரிலிருந்து அங்கோர் வரை: முதுகுப் பையோடு முதல் பயணம் போகிறவர்களுக்கு

பந்தியாய் ஸ்ரே கோயிலின் கிழக்கு வாசலில் நின்றுகொண்டிருந்தோம். கம்போடியாவில், சியாம் ரீப் நகரிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் சின்னஞ்சிறு சிவன் கோயில் அது. இளஞ்சிவப்புக் கல். மரத்தில் செதுக்கியதைப் போல அவ்வளவு நுணுக்கமான வேலை. என் சித்தி மகன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டான்.

“அக்கா, அந்த ஓரத்துல ஒட்டி உலர்ந்துபோய் ஒரு பொம்பள உட்கார்ந்திருக்கே, யாரு அது? பேயா?”

முகப்பில் பத்துக் கைகளோடு சிவன் ஆடுகிறார். கீழே ஓரமாக, எலும்பும் தோலுமாக, மார்பு வற்றித் தொங்க ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள்.

“பேய்தான்டா. நம்ம காரைக்கால் அம்மா.”

தன் பதிகத்தில் தன்னைத்தானே ‘காரைக்கால் பேய்’ என்று பாடிக்கொண்டவர். ஆனி மாதம் மாங்கனி இறைக்கிறார்களே, அந்த ஊர்க்காரர். இந்தக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 967-இல். ராஜராஜன் பட்டத்துக்கு வந்ததே 985-இல்தான். அதற்கும் முன்பே அம்மையார் கடல் கடந்து போய், யாரோ ஒரு கெமர் (அந்தக் காலக் கம்போடிய) சிற்பியின் உளியில் உட்கார்ந்துவிட்டார்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இதற்கு முன்னால் ஒருமுறை தனியாக வந்தபோது இதே வாசலைத் தாண்டி உள்ளே போனவள்தான் நான். அம்மையாரைப் பார்க்கவில்லை. இரண்டு நாளில் பதினோரு கோயில் என்று ஓடினேன். ஊருக்குத் திரும்பி போட்டோக்களைப் பார்த்தபோது எது எந்தக் கோயில் என்றே தெரியவில்லை. இரண்டாவது பயணத்துக்கு ஊரிலேயே தயாராகிப் போனேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து முதல்முறை வெளிநாட்டுக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு இது உதவும்.

முதல் படி: நான்கு ஞாயிற்றுக்கிழமை

டிக்கெட் போடுவதற்கு முன் நான்கு ஞாயிறுகளை ஒதுக்குங்கள். இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மற்றதெல்லாம் பணமும் காகிதமும்தான். பயணத்தின் ருசியைத் தீர்மானிப்பது இந்த நான்கு நாள்.

முதல் ஞாயிறு அரிக்கமேடு. புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் அரியாங்குப்பம் வந்து, காக்காயன்தோப்பு வழியாக ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். போனால் பெரிதாக ஒன்றும் கண்ணில் படாது. நிற்கிற செங்கல் சுவரும் 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் எழுந்ததுதான். பழைய ஊர் மண்ணுக்கடியில் இருக்கிறது. 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் வந்தன. இங்கே கண்ணாடி மணி செய்திருக்கிறார்கள். இதே வகை மணிகள் தாய்லாந்துக் கரையில் பல இடங்களில் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டிருக்கின்றன. அன்றைக்கே புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கும் போய் அரிக்கமேட்டுப் பொருள்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துவிடுங்கள். பாரதி பூங்காவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது ஞாயிறு திருவதிகை. பண்ருட்டிக்குப் பக்கத்தில்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று நாம் போகாமலேயே இருக்கும் கோயில். அங்கே விமானத்தை மட்டும் ஒரு மணி நேரம் பாருங்கள். எந்தத் தளத்தில் எந்தத் தெய்வம், யார் கையில் என்ன ஆயுதம், யாருக்கு எது வாகனம் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். படம் வரையத் தெரியாவிட்டாலும் கிறுக்குங்கள். கை கிறுக்கும்போதுதான் கண் நிற்கும்.

மூன்றாவது சிதம்பரம். நடராசரைக் கும்பிட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். காம்போஜ, அதாவது கம்போடிய, அரசன் சோழ அரசனுக்குக் காட்சியாகக் கொடுத்த கல் ஒன்றை இந்தக் கோயிலில் பதித்ததாக முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. அதன் ஆண்டு 1114. சியாம் ரீப் பக்கத்தில் இருக்கும் பழைய கெமர் தலைநகர் அங்கோர். அங்கே அங்கோர் வாட் கோயிலைக் கட்டிய அரசன் இரண்டாம் சூரியவர்மன் பட்டமேறியது அதற்கு முந்தின ஆண்டு. அந்த அரண்மனைக்கும் நம் ஊர்க் கோயிலுக்கும் இடையே கல் ஒன்று பயணம் செய்திருக்கிறது.

நான்காவது கங்கைகொண்ட சோழபுரம். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், மீன்சுருட்டி வழி. கடலூரிலிருந்து காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். 1025-இல் கடாரத்துக்குக் கப்பல் படை அனுப்பிய ராஜேந்திரனின் கோயில். கருவறையின் புறச்சுவரில் ஆடும் சிவனைத் தேடுங்கள். காலடியில் காரைக்கால் அம்மையார் இருப்பார். அந்த முகத்தையும் விலா எலும்பையும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து அவரைப் பார்க்கப்போவது கம்போடியாவில்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. டூமா வீதியில் பிரெஞ்சுத் தூரகிழக்கு ஆய்வுப் பள்ளி இருக்கிறது. எத்தனையோ முறை அந்த வாசலைக் கடந்து கடற்கரைக்குப் போயிருப்பீர்கள். அங்கோர் இடிபாடுகளைக் காட்டுக்குள்ளிருந்து மீட்டு நிறுத்தியதில் பெரும்பங்கு அதே அமைப்பினுடையது. 1930-களில் பந்தியாய் ஸ்ரேயைக் கல் கல்லாகப் பிரித்து அடுக்கியதும் அவர்கள்தான்.

எங்கே போவது, எப்போது போவது

முதல் பயணத்துக்கு இரண்டு நாடு போதும். தாய்லாந்தில் பாங்காக், அயுத்தயா. கம்போடியாவில் சியாம் ரீப். பன்னிரண்டு நாள். பாங்காக்கில் மூன்று, அயுத்தயாவில் இரண்டு, சியாம் ரீப்பில் ஐந்து, போக வர மீதி. “அவ்வளவு தூரம் போகிறோமே, அப்படியே வியட்நாமையும் பாலியையும் சேர்த்துவிடலாமே” என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள்.

மாதம் ஜனவரி அல்லது பிப்ரவரி. அங்கே நவம்பரிலிருந்தே மழை ஓய்ந்துவிடும். ஏப்ரலில் வெயில் கொளுத்தும். நவம்பர், டிசம்பரில் கிளம்ப வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் அங்கே இல்லை, இங்கே. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது சென்னை விமான நிலையத்தையே மூட வேண்டியதாயிற்று. ‘தானே’ புயல் வந்த 2011 டிசம்பரை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த மாதங்களில்தான் விடுமுறை கிடைக்கும் என்றால், ஒரு நாள் முன்பே சென்னை போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

பாஸ்போர்ட், விசா

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் இன்றைக்கே விண்ணப்பியுங்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சென்னை மண்டல அலுவலகம்தான். சாதாரண 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மறக்காமல் கொண்டு போங்கள். ஆதாரில் இருக்கும் முகவரியும் விண்ணப்பத்தில் எழுதும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். போலீஸ் விசாரணை இழுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பாஸ்போர்ட் கையில் இருப்பவர்கள், நாடு திரும்பும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாகுமா என்று பாருங்கள்.

தாய்லாந்து 2024 ஜூலையிலிருந்து இந்தியர்களை விசா இல்லாமல் 60 நாள் வரை அனுமதிக்க ஆரம்பித்தது. இப்படிப்பட்ட விதிகள் சட்டென்று மாறும்; டிக்கெட் போடும் அன்றைக்கே தூதரகத்தின் தளத்தில் பார்த்துவிட்டுப் போடுங்கள். விசா வேண்டாம் என்பதால் வெறுங்கையோடு போய் நிற்க முடியாது. திரும்பும் டிக்கெட், தங்குமிடத்தின் முகவரி, கையில் கொஞ்சம் பணம் மூன்றும் கேட்டால் காட்ட வேண்டும். 2025 மே மாதத்திலிருந்து டிஜிட்டல் வருகை அட்டையும் உண்டு. போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது.

கம்போடியாவுக்கு இ-விசா. 30 டாலர் அளவில் ஆகும், 30 நாள் தங்கலாம், ஒருமுறைதான் நுழையலாம். அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டி இரண்டு மடங்கு வாங்கும் தளங்கள் தேடலில் மேலேயே வந்து நிற்கும். என் தோழி ஒருத்தி அப்படி ஒன்றில் பணம் கட்டி, விசா வருமா வராதா என்று பத்து நாள் தூங்காமல் கிடந்தாள். முகவரியை முழுதாகப் படித்து, அரசுத் தளம்தானா என்று உறுதி செய்த பிறகே கார்டு எண்ணைக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பாங்காக்கிலிருந்து பஸ்ஸில் போய் போய்பெட் எல்லையைத் தாண்டுவதுதான் முன்பெல்லாம் முதுகுப்பைக்காரர்களின் வழக்கமான வழி. 2025-இல் இரண்டு நாடுகளுக்கும் மோதல் வந்து, தரைவழி எல்லைகள் மூடப்பட்டன. பழைய பயணக் குறிப்புகளில் அந்த வழியைப் படித்துவிட்டு நம்பிப் போகாதீர்கள். விமானத்தையே திட்டத்தில் வையுங்கள். பாங்காக்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் சியாம் ரீப்புக்கு விமானம் உண்டு. கிளம்புவதற்கு முன் வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையைப் படியுங்கள். எல்லையோரக் கோயில்களுக்குப் போகவே வேண்டாம்.

பணம்

கம்போடியாவில் டாலரும் ஓடும், அவர்களுடைய ரியேலும் ஓடும். ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4,000 ரியேல்; டாலருக்குக் குறைந்த சில்லறை ரியேலில் வரும். புதுச்சேரியிலேயே அனுமதி பெற்ற நாணய மாற்றுக் கடைகள் இருக்கின்றன. ரசீதோடு வாங்குங்கள். வாங்கும்போது ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் கடுகளவு கிழிசல் இருந்த 20 டாலர் ஒன்றை அங்கே நான்கு கடையில் நீட்டினேன். நான்கு பேரும் பணிவாகச் சிரித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். பேனாக் கிறுக்கல், முத்திரை, மடிப்பில் நைந்தது, எதுவும் கூடாது. 1, 5, 10 டாலர் நோட்டுகள் நிறைய வேண்டும்.

தாய்லாந்தில் அந்நாட்டு நாணயமான பாட் மட்டுமே. ஏடிஎம்மில் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அந்த ஊர் வங்கி 200 பாட்டுக்கு மேல் பிடித்துக்கொள்கிறது. அதனால் சிறுகச் சிறுக எடுக்காமல் மொத்தமாக எடுங்கள். வெளிநாட்டு நாணயம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று, கொஞ்சம் டாலர், அவசரத்துக்கு இன்னொரு வங்கிக் கார்டு. மூன்றையும் மூன்று இடத்தில் வையுங்கள்.

விமானக் கட்டணமும் நுழைவுச் சீட்டுகளும் போக, ஒரு நாளைக்கு 30, 35 டாலர் இருந்தால் சிக்கனமாக ஓட்டிவிடலாம். பயணிகள் ஹாஸ்டலில் ஒரு படுக்கை, இரண்டு வேளை தெருக்கடைச் சாப்பாடு, போக்குவரத்தில் பங்கு. இரண்டு பேராகப் போனால் டுக்டுக் (அந்த ஊர் ஆட்டோ) வாடகை பாதியாகும்.

பை

ஏழு கிலோ. கையில் எடுத்துப்போக மலிவு விமானங்கள் விடும் அளவு அவ்வளவுதான். 40 லிட்டருக்கு மேல் பை வாங்காதீர்கள். இடம் இருந்தால் மனம் நிரப்பிக்கொண்டே போகும். உடுப்புகளைப் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் வாங்கினேன். முழங்காலும் தோளும் மூடும் பருத்தித் துணி மூன்று செட், மழைக்கு மெல்லிய ஜாக்கெட், ஈரிழைத் துண்டு இரண்டு. அந்தத் துண்டைப் போல உதவியது வேறெதுவும் இல்லை. தலைக்கு, வேர்வைக்கு, குளிக்க, இரவு பஸ்ஸில் போர்த்திக்கொள்ள. விரித்தால் உட்காரவும் ஆகும். இரவில் அலசினால் காலையில் காய்ந்துவிடும்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், சரக்கில் போடக் கூடாது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் பத்து, கொசு விரட்டி, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து சீட்டோடு. பண்ருட்டி முந்திரி அரை கிலோ வறுத்து எடுத்துப் போங்கள். அங்கோரில் மதியம் இரண்டு மணிக்கு அது உயிர் கொடுக்கும்.

கிளம்பும் நாள்

கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் திண்டிவனம் வழியாகப் போகும் சென்னை பஸ்கள் கிளாம்பாக்கத்தில் நிற்கும். அங்கிருந்து ஜிஎஸ்டி சாலையிலேயே மாநகரப் பேருந்தில் விமான நிலையம். ரயிலில் போனால் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம். நிலையத்துக்கு எதிரே விமான நிலையம். விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் உள்ளே இருக்க வேண்டும். முதல்முறைப் பயணிகள் நான்கு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குடியேற்றப் பிரிவில் எதற்குப் போகிறீர்கள், எத்தனை நாள், யாரோடு என்று கேட்பார்கள். பயப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

பாங்காக்: திருவெம்பாவை கேட்ட நகரம்

சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கினால் நகர ரயில் உண்டு. டாக்சிக்காரர் பின்னால் போகாமல் ரயில் பலகையைப் பார்த்து நடங்கள்.

முதல் நாள் நகரத்தின் நடுவே இருக்கும் பெரிய ஊஞ்சலுக்குப் போங்கள். இரண்டு உயரமான செந்நிறத் தேக்குத் தூண்கள். மேலே ஒரு குறுக்குக்கட்டை. 1784-இல் முதலாம் ராமா மன்னர் காலத்தில் நிறுத்தியது. சிவன் பூமிக்கு வரும் நாள் என்று சொல்லி இதில் ஆடுவார்கள். 1935-இல் ஆடுவதை நிறுத்திவிட்டார்கள். அந்த விழாவின் பெயர் ‘திரியம்பவாய்’. திருவெம்பாவைதான் அப்படி ஆகியிருக்கிறது. எதிரிலேயே தேவஸ்தான் என்ற பிராமணக் கோயில். அங்குள்ள அரசவைப் பிராமணர்கள் நம் பாவைப் பாடல்களை மந்திரமாக ஓதி வந்திருக்கிறார்கள். பொருள் மறந்துபோயும் ஓசை நின்றது. மார்கழிக் குளிரில் திருப்பாதிரிப்புலியூர் சன்னதித் தெருவில் அதே பாட்டைக் கேட்டு எழுந்தவள் நான். அந்த ஊஞ்சலடியில் நெடுநேரம் நகர முடியாமல் நின்றேன்.

சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. கோபுரத்தைப் பார்த்ததும் வழி தவறி ஊருக்கே வந்துவிட்டோமோ என்று தோன்றும். வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலானவர்கள் தாய்லாந்துக்காரர்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

அரண்மனைக்குப் போகும் வழியில் யாராவது நல்ல உடுப்போடு வந்து, “இன்றைக்கு மூடியிருக்கிறது, வேறு கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன்” என்பார். நம்பாதீர்கள், நேரே வாசலுக்குப் போங்கள். நுழைவு 500 பாட். உள்ளே மரகத புத்தர் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் 178 பகுதிகளாக ராமாயணம் தீட்டியிருக்கிறார்கள். மற்றவர்கள் பொற்கூரையைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நீங்கள் சுவரோடு நடங்கள். தேசிய அருங்காட்சியகம் பக்கத்திலேயே. திங்கள், செவ்வாய் விடுமுறை.

புத்தர் கோயில்களில் சில ஒழுங்குகள். உட்காரும்போது கால் நீட்டக் கூடாது. பாதம் புத்தரைப் பார்த்து இருக்கவே கூடாது. பெண்கள் பிக்குகளைத் தொடக் கூடாது, நெருங்கி உட்காரவும் வேண்டாம். குழந்தையானாலும் தலையைத் தடவாதீர்கள்.

அயுத்தயா

அயோத்தியின் பெயரைக் கொண்ட தலைநகர். 1350-இல் தொடங்கி 1767-இல் பர்மியப் படையால் எரிந்தது. பாங்காக்கிலிருந்து 80 கிலோமீட்டர் அளவு. மூன்றாம் வகுப்பு ரயிலில் போங்கள். சில்லறைக் காசுதான் கட்டணம், ஜன்னல் திறந்திருக்கும், வயல் வரும். நிலையத்தில் இறங்கிச் சிறிய படகில் ஆற்றைக் கடந்து, சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஏழிலிருந்து பத்து வரை, பிறகு மாலை நான்குக்கு மேல். நடுவே அறையில் தூங்குங்கள்.

வாட் மஹாதாத்தில் அரச மரத்தின் வேர்களுக்கு நடுவே புத்தர் தலை ஒன்று இருக்கிறது. அதனோடு படம் எடுப்பவர்கள் உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். நம் தலை அந்தத் தலைக்கு மேலே போகக் கூடாது. மாலை வெளிச்சத்துக்கு ஆற்றங்கரையில் வாட் சாய்வத்தனாராம்.

அங்கோர்: மூத்ததிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் அங்கோர் வாட்டில் தொடங்குவார்கள். அதைப் பார்த்த கண்ணுக்கு மற்றதெல்லாம் சிறிதாகிவிடும். நான் சொல்வது கால வரிசை.

நுழைவுச் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டு வாங்குங்கள். அதைப் பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம். நடுவே ஓய்வு எடுத்துக்கொள்ளலாம். உங்கள் முகத்தைப் படம் பிடித்துச் சீட்டிலேயே அச்சிடுவார்கள். இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது.

முதல் நாள் ரோலுவோஸ். நகருக்குக் கிழக்கே 13 கிலோமீட்டர் அளவு. பிரியா கோ கோயில் 879-ஆம் ஆண்டு, பக்கோங் கோயில் 881-ஆம் ஆண்டு. செங்கல் கோபுரங்கள், மேலே சுதை வேலையின் மிச்சம். திருவதிகை விமானத்தைக் கிறுக்கி வைத்த நோட்டைப் பையிலிருந்து எடுங்கள். அங்கிருந்து பந்தியாய் ஸ்ரே. டுக்டுக் ஓட்டுநரிடம் இரண்டும் சேர்த்து, காத்திருப்பு உட்பட என்ன வாடகை என்று கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். பந்தியாய் ஸ்ரேயில் அம்மையாரைப் பார்த்த பிறகு நூலகக் கட்டடத்தின் முகப்பையும் பாருங்கள். ராவணன் கயிலையை அசைக்கிறான். மலையே படிப்படியாகச் சரிகிறது. முனிவர்களும் மிருகங்களும் பதறுகின்றன. பார்வதி சிவனைப் பற்றிக்கொள்கிறாள். ராவணன் நரம்பறுத்துப் பாடிய கதையை நாம் தேவாரத்திலேயே கேட்டவர்கள். வழிகாட்டி வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் முழுவதும் அங்கோர் வாட். 12-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி, திருமாலுக்கு எடுத்த கோயில், மேற்குப் பார்த்தது. ஐந்து மணிக்கே திறப்பார்கள். குளத்தங்கரையில் சூரிய உதயத்துக்குக் கூட்டம் நெருக்கும். விடிந்ததும் எல்லோரும் காலைச் சாப்பாட்டுக்குத் திரும்புவார்கள். அப்போது உள்ளே போய் வலப்பக்கம் திரும்புங்கள்.

நம் வழக்கப்படி வலம் வர வேண்டாம். இங்கே சிற்பக் கதைகள் இடமாகத்தான் ஓடுகின்றன. முதலில் குருக்ஷேத்திரம், அம்புப் படுக்கையில் பீஷ்மர். தெற்கே திரும்பினால் சூரியவர்மனின் ஊர்வலம், அப்புறம் சொர்க்கமும் நரகமும். கிழக்கே திரும்பினால் பாற்கடல். ஏறக்குறைய 49 மீட்டர் நீளம். வாசுகியின் தலைப்பக்கம் அசுரர்கள், வால்பக்கம் தேவர்கள். நடுவே திருமால், அவருக்குக் கீழே ஆமை. மேலே அரம்பையர் பறக்கிறார்கள். இதையெல்லாம் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் குனிந்து கடலைப் பாருங்கள். மத்துக்குத் தூரத்தில் மீன்கள் முழுதாக நீந்துகின்றன. மத்துக்கு அருகே வர வர அவை துண்டு துண்டாக வெட்டுப்பட்டுக் கிடக்கின்றன. சுழலின் வேகத்தை அந்தச் சிற்பி மீனில் காட்டியிருக்கிறார். துறைமுகத்தில் வலை கொட்டும்போது மீனைப் பார்த்து வளர்ந்தவள் என்பதாலோ என்னவோ, என் கண் முதலில் அங்கேதான் போனது. காலை வெயில் இந்தப் பக்கம் நன்றாக விழும்.

வடகிழக்குப் பகுதிச் சிற்பங்கள் பிற்காலத்தவை, வேகமாகக் கடந்துவிடலாம். மீண்டும் மேற்கே வந்தால் இலங்கைப் போர். அனுமன் தோளில் நின்று ராமன் அம்பு விடுகிறான், பின்னால் இலக்குவனும் வீடணனும். மேல் தளத்துக்குப் போக வரிசை உண்டு. தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு கட்டாயம். வெறும் தோளில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு போனால் விடுவதில்லை.

மூன்றாம் நாள் பாப்புவோன், பாயோன், தா புரோம். பாப்புவோனைப் பழுதுபார்க்க நம் டூமா வீதிக்காரர்களின் அமைப்பு 1960-களில் பிரித்துப் போட்டது. மூன்று லட்சம் கற்கள். உள்நாட்டுப் போரில், எந்தக் கல் எங்கே என்ற குறிப்புகள் அழிந்துபோயின. திரும்ப அடுக்கி முடிக்க 2011 ஆனது. பாயோனில் கோபுரங்களில் செதுக்கிய முகங்களை மட்டும் பார்த்துவிட்டு இறங்காதீர்கள். வெளிச்சுற்றில் சந்தை, சமையல், சேவல் சண்டை எல்லாம் இருக்கின்றன. தா புரோம் 1186-இல் ஏழாம் ஜெயவர்மன் தன் தாயின் நினைவாக எழுப்பிய புத்தக் கோயில். நாட்டில் 102 மருத்துவமனைகள் இருந்ததாக அதன் கல்வெட்டு சொல்கிறது.

சிதைந்த கோயில்களில் தடத்தை விட்டு விலகாதீர்கள். கண்ணிவெடி புதைத்த நாடு அது. வாசலில் பொருள் விற்கும் குழந்தைகளிடம் வாங்காதீர்கள்; விற்பனை நடக்கும் வரை அவர்களைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள்.

சாப்பாடும் பாதுகாப்பும்

சைவம் சாப்பிடுகிறவர்கள் தாய்லாந்தில் ‘ஜே’ என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து, பார்வைக்கு 17 என்ற எண்ணைப் போலத் தெரியும். அந்தக் கடையில் முட்டை, பூண்டு, வெங்காயம்கூட இருக்காது. மற்றக் கடைகளில் காய்கறி என்று கேட்டாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். கம்போடியாவில் சோறும் வதக்கிய கீரையும் எங்கும் கிடைக்கும். பருப்புப் பொடி கையில் இருந்தால் போதும்.

தனியாகப் போகும் பெண்கள் ஹாஸ்டலில் பெண்களுக்கான அறையைக் கேட்டு வாங்குங்கள். முதல் இரவு போய்ச் சேரும் நேரம் பகலாக இருக்கும்படி விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் ஒருவரிடம் தினமும் எங்கே தங்குகிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். நான் அம்மாவுக்குக் குரல் பதிவு அனுப்புவேன். அவர் அதைத் தெருவுக்கே போட்டுக் காட்டுவார்.

அடுத்த பயணங்களுக்கு

மலேசியாவில் பினாங்குக்குப் பக்கத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு, அதாவது நம் கடாரம். வியட்நாமில் மீ சோன், சம்பா அரசர்களின் சிவன் கோயில்கள்; இந்தியத் தொல்லியல் துறை பழுதுபார்த்தபோது 2020-இல் ஒரே கல்லாலான லிங்கம் ஒன்று வெளிப்பட்டது. ஜாவாவில் போரோபுதூர், பிரம்பனான் கோயில்கள். தாய்லாந்தின் தெற்கே குளோங் தோம் அருங்காட்சியகத்தில் ஒரு பொற்கொல்லரின் உரைகல் இருக்கிறது. அதில் தமிழ் பிராமியில் ‘பெரும்பதன் கல்’ என்று எழுதியிருக்கிறது. இலங்கைக்கு நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறது. பொலன்னறுவையில் சோழர் கட்டிய வானவன் மாதேவி ஈசுவரம் நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு பயணம் வையுங்கள்.

திரும்பும்போது

தாய்லாந்திலிருந்து புத்தர் சிலை கொண்டுவர அந்நாட்டு நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். கம்போடியாவில் பழைய கல் துண்டு என்று யார் எதை நீட்டினாலும் கையில் வாங்காதீர்கள். அது திருட்டுக் கல்லாக இருக்கும், சிறைக்குப் போக நேரும். கைத்தறித் துண்டு, கம்போட் மிளகு, பனைவெல்லம் வாங்கலாம். பனைவெல்லம் நம் ஊர்க் கருப்பட்டியைவிட நிறம் வெளிர், மணம் வேறு. மீந்த ரியேலை விமான நிலையத்துக்குப் போவதற்குள் செலவழித்துவிடுங்கள், இங்கே எந்தக் கடையிலும் மாற்ற மாட்டார்கள். டாலர் மீந்தால் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.